இரு தீவுகளும் ஒரு பேச்சுப் போட்டியும்: லாச்சப்பல் தமிழ் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

சனி, ஞாயிறுகளில் உங்கள் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் என் மகளும் ஒருத்தி. வாரம் முழுக்க ரெஸ்டோரன்டிலும் கடையிலும் அலுவலகத்திலும் நின்றுவிட்டு, மிஞ்சுகிற இரண்டு நாளையும் எங்கள் பிள்ளைகளுக்குத் தருகிறீர்கள். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இம்முறை வைத்த பேச்சுப் போட்டியில், தமிழர் சிறந்து வாழும் தீவு மொரீசியஸா, ரீயூனியனா என்று கேட்டிருந்தீர்கள். நல்ல தலைப்பு. ஆனால் மேடையேறிய பிள்ளைகள் எல்லோரும் இரண்டே வாதங்களைத்தான் மாறி மாறிச் சொன்னார்கள். மொரீசியஸ் சுதந்திர நாடு, ஆகவே ரூபாய் நோட்டிலும் தமிழ் இருக்கிறது, தைப்பூசத்துக்கு விடுமுறை என்றது ஒரு பக்கம். ரீயூனியன் பிரான்ஸ், ஆகவே யூரோ, காஃப் என்ற குடும்ப உதவிக் காசு, இலவச ஆஸ்பத்திரி என்றது மறுபக்கம். பிள்ளைகளில் பிழையில்லை. றூ காய் தேநீர்க் கடையிலும் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் பெரியவர்கள் கதைப்பதைத்தான் அவர்கள் ஒப்பித்தார்கள். பிரிவதா, சேர்ந்திருப்பதா என்ற எங்கள் ஊர்ப் பிரச்சினைக்குச் சாட்சி சொல்ல அந்த இரு தீவுகளையும் நாங்கள் கூண்டில் ஏற்றி வைத்திருக்கிறோம். அவற்றின் சொந்தக் கதையை யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்க வைக்கும்படி உங்களை வேண்டத்தான் இந்த மடல்.

கதை தொடங்குவதும் இந்த நகரத்தில்தான். 1814 மே 30 அன்று, நெப்போலியன் தோற்றுப்போன கையோடு, பாரிஸில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கு முன் இரு தீவுகளும் பிரெஞ்சுக்காரர் கையில் ஒன்றாகவே இருந்தவை. 1735 இல் ஆளுநராக வந்த மஹே தெ லா பூர்தொன்னே இரண்டையும் சேர்த்து ஆண்டார். புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களைக் கொண்டுவந்து போர்ட் லூயிஸ் நகரத்தையும் துறைமுகத்தையும் கட்டினார். 1810 இல் ஆங்கிலேயர் இரண்டையும் பிடித்தார்கள். 1814 ஒப்பந்தத்தில் மொரீசியஸைத் தாங்கள் வைத்துக்கொண்டு, அப்போது பூர்போன் எனப்பட்ட ரீயூனியனைப் பிரான்சுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஏன் இதை வைத்து அதைக் கொடுத்தார்கள்? மொரீசியஸில் போர்க்கப்பல்கள் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் இருந்தது. ரீயூனியனில் அப்படி ஒன்று இல்லை. அங்கே கரையிலிருந்து சற்றுத் தள்ளியதும் கடல் ஆழமாகிவிடும், கப்பல் ஒதுங்க இடமில்லை. 1880களில் கரையைத் தோண்டிச் செயற்கையாகத்தான் ஒரு துறைமுகம் அமைக்க முடிந்தது. ஒரு தீவு பிற்காலத்தில் தனி நாடானதற்கும் மற்றது பிரான்சின் பகுதியாக நிலைத்ததற்கும் முதற்காரணம் கரையின் அமைப்பு. பிள்ளைகளின் பேச்சில் ஒருவர் வாயிலும் இது வரவில்லை. அரசியலைப் பேச முன் வரைபடத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்பது இதனால்தான்.

வரைபடத்தில் இன்னும் நிறைய இருக்கிறது. கடலடியில் ஒரே எரிமலைச் சூட்டுப் புள்ளி இரண்டையும் பெற்றது. இந்தியாவின் தக்காணப் பாறைக் குழம்பும் அதே புள்ளியில் எழுந்தது என்பது புவியியலாளர் கணிப்பு. மொரீசியஸ் மூத்தது, ஏறத்தாழ 80 லட்சம் வயது. மழையும் காற்றும் தேய்த்து அதன் மலைகள் 828 மீட்டருக்குத் தாழ்ந்துவிட்டன. சுற்றிவரப் பவளப்பாறை வளர்ந்து அமைதியான குடாக்கடலைத் தந்திருக்கிறது. ரீயூனியன் இளையது. பித்தோன் தெ நேஜ் சிகரம் 3,000 மீட்டரைத் தாண்டும், பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் இன்றும் அடிக்கடி நெருப்புக் கக்குகிறது. பரப்பில் ரீயூனியன் பெரிது: 2,512 சதுர கிலோமீட்டர், யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல இரண்டரை மடங்கு. மொரீசியஸ் பெருந்தீவு 1,865. ஆனால் ரீயூனியனில் குடியிருக்கவும் பயிர்செய்யவும் தோதான நிலம் பெரும்பாலும் கரையோரப் பட்டைதான். நடுவில் செங்குத்து மலைகள், பள்ளத்தாக்குகள். தீவின் 40 வீதத்துக்கும் மேல் தேசியப் பூங்கா. மஃபாத் பள்ளத்தாக்குக்கு இன்றும் தெருவே இல்லை. அங்கே வாழும் சில நூறு பேரிடம் போக நடக்க வேண்டும், இல்லையென்றால் ஹெலிகொப்டர்.

கடலும் அப்படித்தான். மொரீசியஸ் ஏறத்தாழ எல்லாப் பக்கமும் குளிக்கலாம். ரீயூனியனில் மேற்குக் கரையின் சிறு துண்டில்தான் பவளத்திட்டு. சுறாத் தாக்குதல்கள் கூடியபின், 2013 இல் அந்தப் பகுதிக்கும் காவல் உள்ள இடங்களுக்கும் வெளியே கடலில் இறங்கவே தடை வந்தது. ஆண்டுக்கு 13 லட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் மொரீசியஸுக்கு, ஐந்தரை லட்சம் அளவில் ரீயூனியனுக்கு என்ற வித்தியாசத்துக்கு இந்தக் கரையும் ஒரு காரணம். ஆட்சி நல்லது கெட்டது என்று தொடங்க முன் இதைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

கரும்பு இரண்டுக்கும் பொது. அடிமை முறை மொரீசியஸில் 1835 இலும் ரீயூனியனில் 1848 டிசம்பர் 20 இலும் ஒழிந்தது. அந்த வெற்றிடத்தை நிரப்பக் கப்பல் கப்பலாக இந்தியச் சனம் ஏற்றப்பட்டது. மொரீசியஸுக்கு நாலரை லட்சம் பேர் அளவில் போனார்கள், பெரும்பாலோர் பீகார்ப் பக்கம், மிச்சத்தில் தமிழர் ஒரு பெரும் பங்கு. அவர்கள் கப்பலிறங்கிய போர்ட் லூயிஸின் அப்ரவாசி காட் 2006 இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ரீயூனியனுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் போனார்கள். அவர்களில் தமிழரே அதிகம், காரைக்கால், புதுச்சேரி, சென்னைத் துறைமுகங்களிலிருந்து. அங்கே தொழிலாளர் நடத்தப்பட்ட விதம் பொறுக்காமல் 1882 இல் பிரித்தானிய இந்திய அரசு ஆள் சேர்ப்பையே நிறுத்தியது. மலையகத் தோட்டங்களின் கதை தெரிந்த பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த அதிக நேரம் தேவைப்படாது.

பிரிவு உண்மையில் 1946 இல்தான் ஆழமானது. அந்த மார்ச் 19 சட்டத்தால் ரீயூனியன் பிரான்சின் மாவட்டமானது. அதைக் கேட்டுப் போராடியவர்கள் இடதுசாரிகள் என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும். தோட்ட முதலாளிகளின் பிடியிலிருந்து தப்ப, பாரிஸின் தொழிற்சட்டமும் சம்பளமும் தங்கள் தீவுக்கும் வரவேண்டும் என்பது அவர்கள் கணக்கு. சட்டத்தில் சமத்துவம் ஒரு நாளில் வந்தது, காசில் வர அரை நூற்றாண்டு பிடித்தது. லாச்சப்பலில் எல்லோருக்கும் தெரிந்த ஸ்மிக் என்ற குறைந்தபட்சச் சம்பளம் ரீயூனியனில் இங்குள்ள அதே தொகையானது 1996 இல்தான்.

அந்த அரை நூற்றாண்டில் நடந்த இரண்டு விஷயங்களை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள். 1960 இல் வந்த ஓர் அரசாணைப்படி, பொது ஒழுங்கைக் கெடுப்பதாகச் சந்தேகப்பட்ட அரசு ஊழியரைப் பிரெஃபே, அதாவது பாரிஸ் நியமித்த அரச பிரதிநிதி, தீவை விட்டே அனுப்பலாம். அதற்குப் பெயர் தந்த மிஷேல் தெப்ரே அப்போது பிரதமர். 1963 இல் ரீயூனியனின் பாராளுமன்ற உறுப்பினராகவே தெரிவானார். 1962 முதல் 1984 வரை குறைந்தது 2,015 பிள்ளைகள் அத்தீவிலிருந்து பிரிக்கப்பட்டு, ஆள் குறைந்துபோன பிரெஞ்சுக் கிராமப்புறங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். க்ரூஸ் பிள்ளைகள் என்று இங்கே அறியப்படுபவர்கள் அவர்கள். நல்ல படிப்பு, விடுமுறைக்கு வீடு திரும்பலாம் என்ற வாக்குறுதியில் பெருவிரல் அடையாளம் வைத்த பெற்றோர் உண்டு. பல பிள்ளைகள் பண்ணைகளில் கூலியில்லா வேலைக்காரர் ஆனார்கள். அரசுக்குத் தார்மீகப் பொறுப்பு உண்டு என்று தேசிய சட்டமன்றம் தீர்மானம் போட்டது 2014 பெப்ரவரி 18 அன்று. யூரோவையும் ஆஸ்பத்திரியையும் சொல்லும் பிள்ளை இதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பேச்சு முழுமை.

மொரீசியஸ் 1968 மார்ச் 12 அன்று சுதந்திரம் பெற்றது. அப்போது அதன் எதிர்காலத்தை நம்பியவர் குறைவு. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜேம்ஸ் மீட், 1961 இல் அத்தீவை ஆராய்ந்து, பெருகும் சனத்தொகையும் ஒற்றைப் பயிரும் அதை வறுமையில் தள்ளும் என்று எச்சரித்திருந்தார். சுதந்திரத்தின் விலையாக சாகோஸ் தீவுகளும் பறிபோயின. 1965 இலேயே பிரித்தானியா அவற்றைப் பிரித்தெடுத்து, பின்னர் அங்கு வாழ்ந்தவர்களை வெளியேற்றி, தியேகோ கார்சியாவில் அமெரிக்கத் தளத்துக்கு இடம் கொடுத்தது.

பாரிஸிலிருந்து மாதாமாதம் காசு வராத தீவு என்ன செய்யும்? தேடிப் பிழைத்தது. 1970 இல் ஏற்றுமதி உற்பத்தி வலயச் சட்டம் கொண்டுவந்து, வீட்டுப் பெண்களை ஆயிரக்கணக்கில் தையல் ஆலைகளுக்கு அழைத்தது. 1975 லோமே ஒப்பந்தத்தில் ஐரோப்பாவுக்கு உயர்ந்த நிலையான விலையில் சீனி விற்கும் மிகப்பெரிய பங்கைப் பெற்றது. அந்த இலாபம் விடுதிகளுக்கும் ஆலைகளுக்கும் போனது. உலக ஆடைப் பங்கீடு 2005 இல் முடிந்து, ஐரோப்பியச் சீனி விலையும் விழுந்தபோது, எபேன் கணினி நகரம், வங்கிச் சேவை, மீன் பதனிடல் என்று திரும்பியது. இந்தியாவோடு 1983 முதல் நடைமுறையில் இருந்த வரி உடன்பாட்டால், இந்தியாவுக்குள் போன வெளிநாட்டு முதலீட்டின் பெரும் பங்கு போர்ட் லூயிஸ் வழியாகவே போனது. 2016 இல் அது திருத்தப்பட்டது. அந்த வாசலால் வரி ஏய்ப்பும் நடந்தது என்ற குற்றச்சாட்டு நெடுங்காலம் இருந்தது, அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் இலவசக் கல்வி, இலவச மருத்துவம், முதியோருக்கு ஓய்வூதியம் மூன்றையும் இந்தச் சிறு நாடு தன் சொந்த வருமானத்தில் நடத்தியது. என் மனம் மொரீசியஸின் பக்கம் சாய்கிறது என்றால் இந்த இடத்தில்தான்.

சாய்ந்துவிட்டு மறுபக்கம் பார்க்காமல் விடவும் முடியாது. 2024 தொடக்கத்தில் அங்கே குறைந்தபட்ச மாதச் சம்பளம் 16,500 ரூபாய், அதாவது 350 யூரோவுக்கும் குறைவு. ரீயூனியனில் அதே வேலைக்கு ஸ்மிக். அதற்கும் மேலாக, மொரீசியஸ் ஆலைகளில் இன்று பங்களாதேஷ், மடகாஸ்கர், இந்தியத் தொழிலாளர்கள் ஒப்பந்தத்தில் நிற்கிறார்கள். ஒப்பந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் ஆளும் நாட்டில் இது நடப்பது எனக்கு வலிக்கிறது.

ரீயூனியனில் தலைக்கு வரும் உற்பத்தி மொரீசியஸைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனாலும் மூன்றில் ஒருவருக்கு மேல் பிரான்சின் வறுமைக்கோட்டுக்குக் கீழே. வேலையின்மை 17 வீதத்தை ஒட்டி நிற்கிறது. மொரீசியஸில் 6 வீதம் அளவில். 2022 கணக்கெடுப்பில், உணவுப் பொருள் விலை இங்குள்ளதை விட 37 வீதம் அளவில் கூட. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கப்பலில் வரும் சாமானுக்குத் துறைமுகத்தில் ஒக்த்ருவா தெ மேர் என்ற பழைய வரி, அதன்மேல் ஒருசில பெரிய இறக்குமதியாளரின் இலாபம். அரசு ஊழியருக்கோ வாழ்க்கைச் செலவை ஈடுகட்ட 53 வீதம் கூடுதல் சம்பளம். அந்தச் சம்பளத்துக்கு ஏற்றபடி சந்தை விலை ஏறும், அதே விலையை வேலை இல்லாதவரும் கொடுக்க வேண்டும். பக்கத்து மொரீசியஸிலோ மடகாஸ்கரிலோ மலிவாக விளைவது ரீயூனியன் கடைக்கு வர ஐரோப்பியச் சட்டம் ஆயிரம் நிபந்தனை வைக்கிறது. தீவின் கடல் இந்து சமுத்திரத்தில், சந்தையோ மார்செய் துறைமுகத்தில்.

ஆட்சியைப் பற்றி எங்களவர் பேசும்போது சுதந்திரம் என்றால் சனத்தின் கையில் அதிகாரம் என்று முடித்துவிடுகிறோம். மொரீசியஸில் தேர்தல் நடக்கிறது, ஆட்சி மாறுகிறது, உண்மை. 2024 நவம்பரில் எதிரணி பெருந்தீவின் 60 இடங்களையும் அள்ளியது. 1982, 1995 இலும் இப்படியே. ஏறத்தாழ நாற்பது வீத வாக்காளர் எதிர்ப்பக்கம் நின்றாலும் ஓர் இடம்கூடக் கிடைக்காமல் போகலாம் என்பது அந்த முறையின் குறை. இரண்டு குடும்பங்கள், ராம்கூலாமும் ஜுக்நாத்தும், ஆட்சியைப் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே வைத்திருந்தார்கள்; 2017 இல் தந்தை பதவியை மகனிடம் கொடுத்தது தேர்தல் இல்லாமலே. தேர்தலில் நிற்பவர் இந்து, முஸ்லிம், சீன மொரீசியர், பொதுச் சனம் என்ற நான்கில் எது என்று அறிவிக்க வேண்டும் என்ற விதியை 2012 இல் ஐ.நா. மனித உரிமைக் குழு கண்டித்தது. தமிழருக்கு அந்தப் பட்டியலில் தனி இடம் இல்லை; இந்துக்களோடு சேர்த்தே எண்ணப்படுகிறார்கள்.

ரீயூனியனில் மாவட்ட சபை, பிராந்திய சபை இரண்டும் தெரிவாகின்றன, பக்கத்தில் பிரெஃபே. 1982 பரவலாக்கச் சட்டத்துக்குப் பின் சபையின் நிர்வாகம் தெரிவான தலைவரிடம் வந்தது. 2013 இல் வாக்களித்து அமைத்த இலங்கை வடமாகாண சபை 2018 இல் காலம் முடிந்து போனபின், தேர்தலே இல்லாமல் ஆளுநர் கையில் மாகாணம் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு, ரீயூனியன் சபைகளின் அதிகாரம் சிறிதாகத் தெரியாது. ஆனால் சட்டம் இயற்றும் கை பாரிஸில். தீவின் கையை இன்னும் இறுக்கிக் கட்டியவர் தமிழ் வம்சாவளியினர் ஒருவர் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. செந்த் அந்த்ரே நகர மேயராகவும் செனட்டராகவும் இருந்த ழான் போல் விராப்பூலே, 2003 அரசியலமைப்புத் திருத்தத்தில் ஒரு வரி சேர்க்க வைத்தார். மற்றக் கடல்கடந்த மாவட்டங்கள் அனுமதி பெற்றுச் சில துறைகளில் தாங்களே விதி வகுக்கலாம். ரீயூனியன் மட்டும் கூடாது. தீவு மெல்ல மெல்லப் பிரான்சிலிருந்து நழுவிவிடும் என்று அவர் அஞ்சினார். எதிரே, பல ஆண்டுகள் தன்னாட்சி கேட்டுப் போராடிய கம்யூனிஸ்ட் தலைவர் போல் வெர்ஜேஸ். தமிழ் வம்சாவளியினர் என்றாலே தன்னாட்சி கேட்பார்கள் என்று நினைப்போருக்கு இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பியுங்கள்.

நோட்டுக்கு வருகிறேன். மொரீசியஸின் 100 ரூபாய் நோட்டு ஒன்றைத் தேடி எடுத்து வகுப்பில் கைமாற்றிப் பார்க்க விடுங்கள். அதில் இருக்கும் முகம் ரெங்கநாதன் சீனிவாசன், 1958 இல் மறைந்த தொழிற்கட்சி அரசியல்வாதி, தமிழர். தொகை ஆங்கிலத்தில், அடுத்துத் தமிழில், அதன் பின் இந்தியில். 1998 இல் புதிய நோட்டுகளில் இந்தியை முன்னுக்கும் தமிழைப் பின்னுக்கும் போட்டார்கள். முன்னரே வந்த மொழிக்கு முன்னிடம் என்று தமிழர் தெருவில் இறங்கினார்கள். மத்திய வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அச்சிட்டது. சுதந்திரம் கிடைத்து முப்பது ஆண்டுக்குப் பிறகும் தமிழுக்கு அந்த இடத்தைக் கேட்டுத்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. அந்த நோட்டை எடுத்துச் செலவழிக்கும் தமிழரோ வீட்டில் பேசுவது பெரும்பாலும் கிரியோல்.

ரீயூனியனிலும் அப்படியே. அங்கே குடியரசு யாரையும் இனமாக எண்ணாது. தமிழர் எத்தனை பேர் என்று அரச கணக்கு கிடையாது, தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை கிடையாது. ஆனால் கோயில்கள் நிறைந்திருக்கின்றன, தீமிதி நடக்கிறது, காவடி போகிறது. 2002 ஜனவரி 1 பிறந்த நள்ளிரவில் உலகின் முதல் யூரோ கொள்வனவாகச் சென் தெனி சந்தையில் ஒரு கிலோ லிச்சிப் பழம் விற்கப்பட்டது. அந்த யூரோவில் எங்கள் எழுத்து இல்லை. வீட்டு மொழி என்று பார்த்தால் இரு தீவிலும் தமிழ் ஏறத்தாழ ஒரே அளவு தேய்ந்திருக்கிறது. அரசுமுறை அதைக் கொல்லவும் இல்லை, முழுதாகக் காக்கவும் இல்லை. மொரீசியஸ் அரசு பள்ளிக்கூடத்தில் தமிழுக்கு ஒரு பாட நேரம் கொடுத்தது, அது பெரிய உதவி. அந்த நேரத்தை நிரப்ப வீட்டில் யாராவது பேசியிருக்க வேண்டும். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இரு தீவையும் மறுபடி இணைத்த ஒரு செய்தி. 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற கப்பல் மொரீசியஸின் தென்கிழக்குப் பவளப்பாறையில் ஏறி, ஆயிரம் தொன் அளவில் எண்ணெய் கடலில் கொட்டியது. சனம் கரும்புச் சோகையைத் துணியில் திணித்து மிதவை செய்து கரையைக் காத்தது. அரசு பிரான்சிடம் உதவி கேட்டது. ரீயூனியனிலிருந்து விமானத்தில் மிதவைத் தடுப்புகளோடு ஆட்கள் வந்தார்கள். 1814 இல் கிழித்த கோட்டைத் தாண்ட ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த பறப்பே போதும்.

ஆசிரியர்களே, அடுத்த முறை எது சிறந்த தீவு என்று கேட்காதீர்கள். ஒரு கிலோ அரிசியின் விலையை அங்கே யார் தீர்மானிக்கிறார், சட்டத்தை யார் எழுதுகிறார், பிடிக்காத சட்டத்தை மாற்ற அங்குள்ளவர் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். சுதந்திரமா, இணைந்திருப்பதா என்பது பெரிய கேள்விதான். ஆனால் இந்த இரு தீவுகளிலும் அது ஒருமுறை பதில் சொல்லி முடிந்த கேள்வியாக இருக்கவில்லை. சம்பளத்தை, மொழியை, தீவை விட்டுக் கொண்டுபோன பிள்ளைகளின் நினைவைத் தொடர்ந்து கேட்டவர்கள்தான் பெற்றார்கள், எந்தக் கொடியின் கீழ் இருந்தாலும். இதுவே என் தீர்ப்பு. பிள்ளைகள் படித்துவிட்டு இதை மறுத்தால் இன்னும் மகிழ்வேன்.

இந்தக் கேள்விகளைக் கேட்க ஆட்களைத் தேடி அலைய வேண்டாம். ஓகஸ்ட் கடைசியில் பிள்ளையார் தேர் இழுபடும்போது இரு தீவுக்காரரும் எங்கள் தெருக்களில் நிற்கிறார்கள், கறிவேப்பிலை வாங்கவும் இதே கடைகளுக்கு வருகிறார்கள். அவர்களில் இருவரை ஒரு ஞாயிறு வகுப்புக்கு அழையுங்கள். பிரெஞ்சில் பேசட்டும், பிள்ளைகள் தமிழில் எழுதட்டும். உங்கள் மாணவரில் பலர் பதினெட்டு வயதில் பிரெஞ்சு வாக்காளர் ஆவார்கள். தேசிய சட்டமன்றத்தில் 577 பேர். ரீயூனியன் அனுப்புவது 7 பேரை. அத்தீவின் விலையையும் சட்டத்தையும் தீர்மானிக்கும் மிச்ச 570 பேரைத் தெரிவு செய்பவர்களில் எங்கள் பிள்ளைகளும் இருக்கப்போகிறார்கள்.

அன்புடன்,
உங்கள் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் பெற்றோர்